மணிக்கட்டுப் பிடி

ஜனவரி 6, திங்கள்

ரெஜினா அக்கா இன்று ஆளுக்கொரு நோட்டைக் கையில் திணித்தார். "தினமும் எழுதணும். என்ன தின்னீங்க, எப்படித் தூங்குனீங்க, ஆட்டத்துல எங்க சொதப்புனீங்க, எல்லாம் எழுதுங்க. நான் படிக்கவே மாட்டேன், சத்தியமா" என்றார். கோச் செய்யும் சத்தியத்தை நம்புகிறவள் இந்த ஹாஸ்டலில் ஒருத்தியும் கிடையாது. ஆகவே அக்கா, நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தால் ஒரே ஒரு விஷயம்: சாம்பாரில் உப்பே இல்லை. மெஸ்ஸில் சொல்லுங்கள்.

படிப்பது வேறு யாராவது என்றால்: என் பெயர் முப்பிடாதி. கபடியில் இடது கார்னர். எனக்கு அடுத்து நிற்பவள் சந்தனமாரி. நாங்கள் இரண்டு பேரும் கைகோத்து நிற்போம். பாடி வருகிறவள் காலை நீட்டினால் நான் கணுக்காலைப் பிடிப்பேன். சந்தனம் சுற்றி வந்து வழியை அடைப்பாள். கோத்த கையாலேயே வந்தவளை வளைத்து அமுக்கிவிடுவோம். ஒன்பதாம் வகுப்பிலிருந்து இதே ஜோடிதான். திருநெல்வேலிப் பக்கம் எங்களைத் தெரிந்தவர்கள் பாடி வரும்போதே மறுபக்கம் ஒதுங்கிப் போவார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான்.

மார்ச் இரண்டாம் தேதி மதுரையில் தேர்வு ஆட்டம். ஓர் அரசுத் துறையின் பெண்கள் அணிக்கு இடது பக்கம் இரண்டு பேர் வேண்டுமாம். "தனித்தனியா எடுக்க மாட்டாங்க, ஜோடியாத்தான் பார்ப்பாங்க. ரெண்டு பேருக்கும் வேலை, இல்லன்னா ரெண்டு பேருக்கும் இல்ல" என்று அக்கா சொல்லிவிட்டார். அடுத்த வருடம் எங்களுக்கு ஹாஸ்டலில் இடமில்லை. வயது தாண்டிவிட்டது. என் வீட்டில் எனக்குக் கீழே மூன்று பேர். சந்தனத்துக்கு அம்மா மட்டும்தான், பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறார். எனவே மார்ச் இரண்டு. வேறு பேச்சு இல்லை.

ஜனவரி 8, புதன்

காலை ஓட்டம். இட்லி. துணி துவைத்தேன், சந்தனத்தின் துணியையும் சேர்த்து. அவள் ஓடி முடித்து வந்ததும் சுருண்டு படுத்துவிட்டாள். சோம்பேறி மூதி. இரும்புச் சத்து மாத்திரையை ஒழுங்காகப் போடுவதில்லை, அதுதான்.

ஜனவரி 10, வெள்ளி

செருப்பில் கல் மாட்டிக்கொண்டது என்று சந்தனம் மாடிப்படியில் பாதியில் நின்றாள். நேற்றும் அதே படியில் கல் மாட்டியது. முந்தா நாளும்.

ஜனவரி 16, வியாழன்

பொங்கலுக்குச் சந்தனத்தின் ஊருக்குப் போயிருந்தேன். அவள் அம்மா எங்கள் இரண்டு பேருக்கும் மருதாணி அரைத்து விரல் நிறைய அப்பிவிட்டார். "புள்ள மெலிஞ்சிட்டா. ஹாஸ்டல்ல ஒழுங்கா சாப்பிடுதாளா?" என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். "எனக்குள்ளதையும் சேத்துத் தின்னுதா" என்று சொல்லிச் சிரிக்க வைத்தேன். சிரித்தார். ஆனால் மகளைப் பார்த்த பார்வை சிரிக்கவில்லை.

மத்தியானம் பக்கத்து ஊரில் பொங்கல் ஆட்டம். இரண்டாம் பாதியில் ஒருத்தி பாடி வந்தாள், சின்னப் பெண், கல்லூரியில் முதல் வருடம் இருக்கும். கணுக்காலை நான் பிடித்தாகிவிட்டது. சந்தனம் வந்து அடைத்தும் ஆகிவிட்டது. கோத்த கை இழுபட்ட நேரத்தில் எங்கள் பிடி பொத்தென்று விட்டுப்போனது. அந்தக் குட்டி எழுந்து ஓடி கோட்டைத் தொட்டுவிட்டது. கூட்டம் ஓவென்று கத்தியது.

என் கை வேர்வை. மருதாணி வேறு வழுக்கியது. அக்காவிடம் அப்படித்தான் சொன்னேன், இங்கேயும் அதையே எழுதுகிறேன்.

ஜனவரி 18, சனி

பிடியை மாற்றியிருக்கிறேன். இதுவரை விரலோடு விரல் கோத்து நிற்போம். அதில் இரண்டு பேரும் இறுக்க வேண்டும். இனி அவள் மணிக்கட்டை நான் பிடித்துக்கொள்வேன். அவள் விரல் சும்மா இருந்தால் போதும், இறுக்குவது முழுக்க என் வேலை. அக்கா பார்த்துவிட்டு, "இது நல்லாருக்கே, யாரு யோசனை?" என்றார். "சும்மாதான்" என்றேன். சந்தனம் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. எதற்கெடுத்தாலும் எதிர்த்துப் பேசுகிறவள் அவள்.

தினமும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் ஈரத் துண்டைப் பிழிந்து பிழிந்து கைக்குப் பயிற்சி செய்கிறேன்.

ஜனவரி 21, செவ்வாய்

பல்கலைக்கழகத்திலிருந்து ஆராய்ச்சிக்கு ஆள் வந்திருக்கிறார்கள். பெனிட்டா மேடம் என்று பெயர், எங்களைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். கூட ரிஸ்வான் அண்ணன் என்று ஒருவர், கருவிகளைப் பார்த்துக்கொள்கிறவர். ஜிம்மில் பாதியைத் திரைச்சீலை போட்டு மறைத்து, அதற்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு இரண்டு பைகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஒன்றில் சாதாக் காற்று. இன்னொன்றில் உயரமான மலை உச்சியில் இருப்பது போல ஆக்ஸிஜன் குறைந்த காற்று. முகமூடியை மாட்டிக்கொண்டு அதைச் சுவாசித்தபடி, பீப் சத்தம் வரும்போதெல்லாம் ஒரு கைப்பிடியை இறுக்க வேண்டும். முன்கையில் ஒரு பட்டை கட்டுகிறார்கள். தசைக்குள் எவ்வளவு ஆக்ஸிஜன் இருக்கிறது என்று அதில் தெரியுமாம். விரலில் ஒரு கிளிப், அது ரத்தத்தில் எவ்வளவு என்று காட்டும். இந்த வாரம் ஒரு பை, அடுத்த வாரம் மற்றது. எந்த வாரம் எது என்று எங்களுக்குச் சொல்ல மாட்டார்கள்.

"எதுக்கு மேடம் இந்தக் கூத்தெல்லாம்?" என்று கேட்டேன்.

"நீங்க மூச்சை அடக்கிப் பாடிட்டே மல்லுக்கட்டுறீங்கல்ல. காத்து பத்தாதப்போ உங்க தசை என்ன பண்ணுதுன்னு பார்க்கணும். சிக்கனமாச் செலவு பண்ணுதா, இல்ல எப்பவும் எடுக்கிற அளவையே எடுக்குதான்னு."

"என் தசை சிக்கனமாத்தான் இருக்கும். எங்க வீட்டு வளப்பு அப்படி" என்றேன். மேடம் சிரித்தார்.

எனக்கு நன்றாகவே போனது. திரையில் ஒரு கோடு. கையை இறுக்கும்போது இறங்கும், விட்டால் துள்ளி மேலே வரும். விரல் கிளிப்பில் தொண்ணூற்றெட்டு.

அடுத்தது சந்தனம். "கூட நில்லுட்டி" என்றாள், நின்றேன். ரிஸ்வான் அண்ணன் அவள் விரலில் கிளிப்பை மாட்டி, முகத்தில் முகமூடியை வைத்துவிட்டு, திரைக்குப் பின்னால் போய்க் குழாயை எடுத்து வந்து மாட்டினார். மேடம் வெளியே போனில் பேசிக்கொண்டிருந்தார். உள்ளே வந்து திரையைப் பார்த்ததும் குரல் மாறிவிட்டது. "ரிஸ்வான், எண்பத்தேழு காட்டுது! இன்னைக்கு எல்லாருக்கும் சாதாக் காத்துதானே? பையை மாத்தித் திறந்துட்டீங்களா?"

"இல்ல மேடம், சரியாத்தான்…"

"தசைக் கோட்டையும் பாருங்க. விட்ட பிறகும் மேல வர மாட்டேங்குது. இது குறைஞ்ச காத்துதான்."

அவர் பையைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார். "மாறியிருக்கலாம் மேடம்" என்றார். எங்கள் முன்னாலேயே நல்ல டோஸ் விழுந்தது. "சந்தனமாரிக்கு அடுத்த வாரம் ரெண்டையும் சேர்த்து எடுத்துக்கலாம்" என்று மேடம் முடித்துவிட்டார்.

வெளியே வந்து இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். பையையே மாற்றி மாட்டுகிறார்கள், இவர்கள் ஆராய்ச்சி செய்து கிழித்தார்கள். சந்தனம் சிரித்து இருமி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

குழாயை மாட்டுவதற்கு முன்னால் திரையில் என்ன எண் இருந்தது என்று நான் கவனிக்கவில்லை. எண் குறைவாகவே இருந்திருந்தாலும் மருதாணி விரலில் அந்தக் கிளிப் சரியாகக் காட்டாது என்று மேடமே காலையில் யாரிடமோ சொன்னார். நான் கவனிக்கவில்லை.

என் விரலிலும் அதே மருதாணிதான்.

ஜனவரி 28, செவ்வாய்

இந்த நோட்டை இனி டிரங்குப் பெட்டிக்கு அடியில் வைக்கப் போகிறேன். அக்காவுக்கு வேறு நோட்டில் இட்லி தோசை எழுதிக் கொடுத்துக்கொள்ளலாம்.

இன்று இரண்டாவது சுற்று. சந்தனம் வரவில்லை. "அவளுக்கு மாச நாளு மேடம், வயித்து வலி" என்று நான்தான் சொன்னேன். இப்படிச் சொல்லச் சொன்னதும் அவள்தான்.

என்னைக் குறைந்த காற்றில் உட்கார வைத்தார்கள். முதலில் ஒன்றுமே தெரியவில்லை. மெதுவாக இறுக்கச் சொன்னார்கள், இறுக்கினேன். போன வாரத்துக்கும் இதற்கும் எள்ளளவு வித்தியாசமில்லை. சும்மா பம்மாத்து என்று நினைத்தேன். நெஞ்சு மட்டும் ஏனோ தடதடவென்று அடித்தது. பிறகு பலத்தைக் கூட்டச் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் கை என்னுடையதாக இல்லை. இறுக்கு என்று நான் சொல்கிறேன், அது கேட்க மாட்டேன் என்கிறது. உதடு மரத்தது. பீப் சத்தம் எங்கோ பக்கத்துத் தெருவில் கேட்டது. கைப்பிடி தானாக நழுவியது. பொங்கல் ஆட்டத்தில் நழுவியதே, அதே மாதிரி.

முகமூடியைக் கழற்றியதும் மேடம் தண்ணீர் கொடுத்து விளக்கினார். "தசைக்குத் தட்டுப்பாடெல்லாம் தெரியாதும்மா. சின்ன வேலைக்கு வழக்கமா எடுக்கிற ஆக்ஸிஜனை அப்படியே எடுத்துக்கும். வர்ற ரத்தத்துல ஆக்ஸிஜன் குறைஞ்சுட்டா, இதயம் ஓடி ஓடிக் கூடுதலா ரத்தம் அனுப்பி ஈடு கட்டும். அதனால பார்க்கிறவங்களுக்கும் தெரியாது, அந்த ஆளுக்கே தெரியாது. வேலை கூடும்போதுதான் குட்டு வெளிப்படும். அதுக்கு மேல எடுக்கிறதுக்கு இல்லைன்னா தசை படுத்துடும்."

"மேடம், ஒருத்திக்கு எப்பவுமே இப்படி இருந்தா? பையெல்லாம் இல்லாம, சும்மா இருக்கும்போதே?"

"அப்போ இதயம் எப்பவும் ஓடிட்டே இருக்கும். எவ்வளவு நாள் ஓடும் பாவம்." என்னை நிமிர்ந்து பார்த்தார். "யாருக்கு?"

"சும்மா கேட்டேன்."

எண்பத்தெட்டு. குழாய் மாட்டுவதற்கு முன்னால், அவள் ஜிம்மில் இருந்த சாதாக் காற்றைச் சுவாசித்துக்கொண்டிருந்தபோது, திரையில் எண்பத்தெட்டு இருந்தது. நான் பார்த்தேன். பை மாறவில்லை.

சாயங்காலம் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் இழுத்துக்கொண்டு போய்க் கேட்டேன். முதலில் முறைத்தாள். பிறகு, "தீபாவளிக்கு ஊர்ல பாத்ரூம்ல விழுந்துட்டேன். கண்ணு இருட்டிட்டு வந்துச்சு" என்றாள்.

"கோட்டி புடிச்சவளே, ஏன்ட்டி சொல்லல?"

"சொன்னா? அக்கா ஆட விடுமா? ஒனக்கு வேற ஜோடி ஒரு மாசத்துல எங்க கிடைக்கும்?"

"நான் என்ன, வேற ஜோடி கேட்டேனா?"

"நீ கேக்க மாட்ட. அதாம்ட்டி பிரச்சினையே." என் கையைப் பிடித்தாள். "மார்ச் ரெண்டு முடியட்டும். மூணாந்தேதி காலைல நானே ஆஸ்பத்திரிக்கு வாரேன். எங்கம்மா மேல சத்தியம்."

சரி என்றேன். எனக்குப் பயமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. நிம்மதி எதற்கு என்று யாராவது கேட்டால் முகத்தில் அடித்துக்கொள்வேன். எனக்கும் அந்த வேலை வேண்டும்.

பிப்ரவரி 5, புதன்

மணிக்கட்டுப் பிடி நன்றாக வருகிறது. மூன்று பயிற்சி ஆட்டத்தில் ஒருத்தியைக்கூட விடவில்லை.

பிப்ரவரி 12, புதன்

சந்தனத்துக்கு அவளுடைய ஷூவே பத்தவில்லை. என்னுடையதை வாங்கிப் போட்டுக்கொண்டாள், எனக்கு ஒரு சைஸ் பெரிய கால். வெயில் ஏறிவிட்டது, கால் வீங்கத்தான் செய்யும். இரண்டு தலையணை வைத்துப் படுக்கிறாள். ஒன்று என்னுடையது.

பிப்ரவரி 15, சனி

மருதாணி அழிந்ததும் நகப்பூச்சு வாங்கி வரச் சொன்னாள். அடர் சிவப்பு. ஏழு வருஷத்தில் நகப்பூச்சையே தொடாதவள். பூசிவிட்டது நான். பூசும்போது நகத்தின் நிறத்தைப் பார்த்தேன். இரண்டு கோட் அடித்தேன்.

பிப்ரவரி 19, புதன்

சாம்பாரில் இன்று உப்பு அதிகம்.

பிப்ரவரி 27, வியாழன்

பெனிட்டா மேடம் மைதானத்துக்கே வந்துவிட்டார். மற்றவர்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். நான் பந்தல் நிழலில் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"முப்பிடாதி, ஒண்ணு கேக்கணும். ரிஸ்வான் இப்பவும் பை மாறலைன்னே சொல்றார். அவரைத் திட்டி வேற வேலைக்கு அனுப்பிட்டேன். ஆனா அந்தக் கோட்டைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன், மனசு கேக்க மாட்டேங்குது. நீ அன்னைக்கு அந்தப் பொண்ணு பக்கத்துலயே நின்ன. குழாய் மாட்டுறதுக்கு முன்னாடி கிளிப்ல என்ன நம்பர் இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா?"

மைதானத்தின் அந்தக் கோடியில் சந்தனம் குனிந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தாள். ஓட்டத்துக்கு நடுவில். இடுப்பில் கை வைத்து நிமிர்ந்து எங்களைப் பார்த்தாள்.

"தொண்ணூத்தெட்டு மேடம்" என்றேன்.

"நிச்சயமா?"

"எனக்கு வந்த அதே நம்பர். அதான் ஞாபகம் இருக்கு."

மேடம் மூச்சை விட்டார். நிம்மதியான மூச்சு. "அப்போ பைதான் மாறியிருக்கு. நல்லவேளை. ஞாயித்துக்கிழமை நல்லா ஆடுங்கம்மா" என்று என் முதுகில் தட்டிவிட்டு எழுந்து போனார்.

மார்ச் 2, ஞாயிறு

அரசு மருத்துவமனை வராந்தா, மதுரை. அக்கா உள்ளே இருக்கிறார். எனக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை, பையில் இந்த நோட்டு இருந்தது.

ஆட்டம் நன்றாகப் போனது. முதல் பாதியில் இடது பக்கம் வந்த யாரையும் திரும்பிப் போக விடவில்லை. தேர்வாளர்கள் எங்களைக் காட்டி ஏதோ பேசிக்கொண்டதை நானே பார்த்தேன். இடைவேளையில் சந்தனம் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். "முடியுமாட்டி?" என்றேன். "பிடிய மட்டும் விட்டுராத" என்றாள்.

கடைசி ரெய்டு. வந்தவள் நல்ல உயரம், நல்ல பலம். என் பக்கம் காலை வீசினாள், கணுக்காலைப் பிடித்தேன். சந்தனம் சுற்றி வந்தாள், வந்தாள் என்றுதான் நினைக்கிறேன். அந்த உயரக்காரி எங்களை இழுத்தாள். என் முழு பலத்தையும் அந்தக் கையில் வைத்துச் சந்தனத்தின் மணிக்கட்டை இறுக்கினேன். மூன்று பேரும் ஒன்றாக விழுந்தோம். அவள் பாட்டு நின்றது. விசில். கைதட்டல். நான் கத்திக்கொண்டே எழுந்தேன், "ஏட்டி, அமுக்கிட்டோம்! எந்திரிட்டி!"

அவள் எழுந்திருக்கவில்லை. உதடு நாவல்பழம் தின்றது போல இருந்தது. நான் அப்போதும் மணிக்கட்டை விடவில்லை. அவள் விரல்கள் எதையும் பிடிக்காமல் விரிந்து கிடந்தன. எப்போது விரிந்தன என்று எனக்குத் தெரியாது. விரலோடு விரல் கோத்திருந்தால் தெரிந்திருக்கும். அவள் பிடி தளர்ந்த அந்த நொடியே என் விரலுக்குத் தெரிந்திருக்கும், நானும் விட்டிருப்பேன்.

மார்ச் 4, செவ்வாய்

டாக்டர் சொன்னதை அக்கா எனக்குச் சொன்னார். நுரையீரலுக்குப் போகும் ரத்தக்குழாய்களில் அழுத்தம் ஏறிப்போயிருக்கிறது. அதை எதிர்த்துத் தள்ளித் தள்ளி இதயத்தின் வலது பக்கம் ஓய்ந்துவிட்டது. பல மாதமாக இருந்திருக்குமாம். சின்ன வயதுப் பெண்களுக்கு வருமாம், சோகை என்று எல்லோரும் மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிடுவார்களாம். முன்னாலேயே தெரிந்திருந்தால் ஆட்டத்தை நிறுத்தி, மருந்து கொடுத்து, வருஷக் கணக்கில் ஓட்டியிருக்கலாம். கடைசி ஒரு மாதத்தில் ஆடியதுதான் ரொம்பக் கெடுத்துவிட்டது.

"ஒனக்குத் தெரியுமாடி?" என்று அக்கா கேட்டார். தலையைக் குனிந்தேன். அக்கா கையை ஓங்கினார், பிறகு கீழே போட்டுவிட்டார். அடித்திருக்கலாம்.

மார்ச் 9, ஞாயிறு

இன்று உள்ளே விட்டார்கள். மூக்கில் குழாய், விரலில் கிளிப். நகப்பூச்சை நர்ஸ் அழித்துவிட்டிருந்தார். திரையைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே போனேன், கண் நேராக அங்கேதான் போனது.

"என்ன நம்பர்ட்டி?" என்றாள் சந்தனம். குரல் காற்றாக வந்தது.

"தொண்ணூத்தெட்டு."

சிரித்தாள். "ஒனக்குப் பொய்யே சொல்ல வராது. அந்த மேடம் எப்படித்தான் நம்புச்சோ."

அவள் கையைப் பிடித்தேன். பழக்கத்தில் மணிக்கட்டைப் பிடித்திருக்கிறேன். அவள் தலையை ஆட்டினாள். "விரலக் குடு. அங்கன புடிச்சா நான் ஒன்னப் புடிக்க முடியாதுல்லா."

விரலைக் கொடுத்தேன். இறுக்கினாள். இறுக்குகிறாள் என்று அவள் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

"செலக்ட் ஆயிட்டமா?"

"ரெண்டு பேரும்" என்றேன். அது நிஜம். வெள்ளிக்கிழமையே போன் வந்துவிட்டது.

"பாத்தியா" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

மார்ச் 13, வியாழன்

விடிகாலையில் சந்தனம் போய்விட்டாள்.

மார்ச் 31, திங்கள்

பதினெட்டு நாளாக எழுதவில்லை. எழுத என்ன இருக்கிறது. ஊருக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அணியே வந்தது. ஈரத் துண்டைப் பிழிந்து பிழிந்து என் கையை எதற்காகத் தயார் செய்தேன் என்று நினைத்தால் அந்தக் கையை வெட்டிப் போடலாம் போலிருக்கிறது.

இன்று பேருந்து ஏறிப் பல்கலைக்கழகம் போனேன். பெனிட்டா மேடத்துக்கு விஷயம் தெரிந்திருந்தது. என்னைக் கண்டதும் கட்டிப்பிடிக்க வந்தார். தள்ளி நின்றேன். "எண்பத்தெட்டு மேடம்" என்றேன். "குழாய் மாட்டுறதுக்கு முன்னாடி எண்பத்தெட்டு இருந்துச்சு. நான் பார்த்தேன். ஒங்ககிட்ட பொய் சொன்னேன்."

அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "நான் உன்கிட்ட கேட்டிருக்கக் கூடாது. கிளிப்பை எடுத்துட்டுப் போய் அந்தப் பொண்ணு விரல்லயே மாட்டியிருக்கணும். என் தோள்பையிலதான் இருந்துச்சு" என்றார்.

ரிஸ்வான் அண்ணன் மாடியில் ஏதோ வேலையில் இருந்தார். அவரிடமும் சொன்னேன். "நானே நம்பிட்டேன்மா, நான்தான் மாத்திட்டேன்னு. ஒரு மாசமாத் தூக்கமில்ல" என்றார். அவர் காலில் விழப் போனேன், தடுத்துவிட்டார்.

ஏப்ரல் 12, சனி

அந்த அணி என்னை மட்டும் எடுத்துக்கொள்கிறதாம். ஜோடிக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்வார்களாம். போவதா வேண்டாமா என்று ஒரு வாரமாக மண்டை காய்கிறது. போக வேண்டுமென்றால் முதலில் சந்தனத்தின் அம்மாவிடம் சொல்ல வேண்டும். அவருக்குத் தெரியாமல் அந்தச் சம்பளத்தில் ஒரு பருக்கைகூட என் வாயில் இறங்காது.

போனேன். அடுப்படியில் சுண்டலுக்குத் தாளித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். மாடிப்படி, மணிக்கட்டு, எண்பத்தெட்டு, நகப்பூச்சு, மேடத்திடம் சொன்ன பொய். கரண்டியால் அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்றுதான் நின்றேன். அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"தீபாவளிக்கு அவ பாத்ரூம்ல விழுந்தப்போ தூக்குனது ஆருன்னு நெனச்ச?" என்றார். "நாந்தாம்ளா தூக்குனேன். ஒதடு நீலம் பாஞ்சு கெடந்தா. ஆஸ்பத்திரிக்குப் போவோம்னேன். போனா ஆட வேண்டாம்னு சொல்லிருவாங்கம்மா, வேல கெடைக்கட்டும், பொறவு போவோம்னா. எனக்கும் சரின்னு பட்டுச்சு. எத்தன நாளைக்கு இந்தச் சட்டியில கெடந்து வேகன்னு எனக்கும் ஆச இருந்துச்சுல்லா. நானும் சரின்னுட்டேன்."

அந்தப் புகையில் இரண்டு பேரும் உட்கார்ந்து அழுதோம். தாளிப்பு கருகிவிட்டது. கிளம்பும்போது சுண்டலைக் கட்டிக் கொடுத்து, "போ. போய் ஆடு. ஆனா ஒங்கூட நிக்கவளுக்கு மேலுக்கு முடியலன்னா ஒடனே வாயத் தொறந்து சொல்லணும். என்ன, சொல்லுவியா?" என்றார். சொல்லுவேன் என்றேன்.

ஜூன் 16, திங்கள்

சென்னை. புது ஹாஸ்டல். சாம்பாரில் உப்பு சரியாக இருக்கிறது, அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

என் பக்கத்தில் நிற்க ஓர் ஆளைப் போட்டிருக்கிறார்கள். திருவாரூர்ப் பெண், காமாட்சி என்று பெயர், ஓயாமல் பேசுகிறாள். முதல் பயிற்சியில் என் பக்கம் வந்து நின்றதும் மணிக்கட்டைத் தானாக நீட்டினாள். "நீங்க மணிக்கட்டுப் பிடி ஸ்பெஷலிஸ்ட்டாமே அக்கா. கோச் சொன்னாரு. நீங்க புடிச்சா யாராலயும் பிரிக்க முடியாதாமே."

கோச்சும் எல்லைக்கோட்டில் நின்று ஆவலாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பாடுகிறவள் அந்தப் பக்கம் தயாராக நின்றாள்.

"அதெல்லாம் விட்டாச்சு" என்றேன். "விரலைக் குடு."